கொக்கு தேர்தலில் நிற்கிறாள்

ஜனவரி 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

கொக்கு எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் இதைக் குப்பைக்கூடையில் போடாமல் பிரித்தாயே, அதற்கே ஒரு நன்றி. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. போன் செய்யலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். போன் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது கண்ணில் படும். விலாசம் கொடுத்தது நம் பழைய பிசியோ அக்கா. அவளைத் திட்டாதே, மூன்று வாரம் கெஞ்சி வாங்கினேன்.

நீ எப்படி இருக்கிறாய்? அம்மா சௌக்கியமா? உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அக்கா சொன்னாள். அவளும் உன்னைப் போலத்தான் உட்காரச் சொன்னால் ஓடுகிறாளா?

நான் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. வலது தோள் போய்விட்டது. கையை உயர்த்தி அலமாரியில் டப்பாவை எடுக்கக்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "கோல்போஸ்ட் மேல வர்ற பந்தையெல்லாம் பிடிச்ச, இப்ப ஜீனி டப்பா எட்டலையா?" என்று தினமும் ஒரு தடவை சொல்லிச் சிரிக்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. நான் நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன்.

தோளைக் காட்டப் போனதில் ஆரம்பித்தது இது. எங்கள் வார்டு மருத்துவமனையில் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருவார். அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கே அறுபது பேர் வரிசையில். எனக்கு முன்னால் நின்ற தையல்காரம்மா அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தாள். தலை சிமென்ட் படியில் படுவதற்குள் பாய்ந்து பிடித்துவிட்டேன். பதினாறு வருஷம் பந்து பிடித்த கை, தானாகப் போயிற்று. வரிசை மொத்தமும் கைதட்டியது. யாரோ போட்டோகூட எடுத்தார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "கைதட்டாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். நர்ஸ் வெளியே வந்து, "இன்னைக்கு டாக்டர் லீவுங்க," என்றாள். அறுபது பேருக்கும் அதை அப்போதுதான் சொல்கிறார்கள்.

அதன் பிறகு நகரசபைக்கு ஏழு தடவை நடந்தேன். அதிகாரி தன் மகளுக்கு ஆட்டோகிராப் வாங்கிக்கொண்டு, "எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்பார். எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். ஏழாவது தடவை கவுன்சிலரையே பார்த்தேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று மரியாதையெல்லாம் கொடுத்தார். கடைசியில், "மேடம், நீங்க பந்தைப் பிடிங்க, ஊரை நாங்க பார்த்துக்கறோம்," என்றார். மறுநாள் வேட்புமனு வாங்கி வந்துவிட்டேன்.

மனுவில் தொழில் என்று ஒரு கட்டம். "முன்னாள் கால்பந்து வீராங்கனை" என்று எழுதினேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முன்னாள்னு ஒரு தொழில் கிடையாதுங்க. இப்ப என்ன பண்றீங்க?" என்றார். எழுதியதை அடித்தேன் டீ. பிறகு "வேட்பாளர்" என்று எழுதினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டார்.

மார்ச் இருபதில் வாக்குப்பதிவு. போஸ்டரில் என் கழுத்து நீளத்துக்கு இடம் பத்தாமல் தாடையோடு வெட்டிவிட்டார்கள்.

ஒரே ஒரு உதவி. கடைசி வாரம் ஒரு பொதுக்கூட்டம் வைக்கிறோம். நீ வந்து மேடையில் என் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ வலது ஓரத்தில் ஓடியதை, மூன்று பேரை வெட்டிவிட்டு அடித்த அந்த கோலை, இங்கே இன்னும் டீக்கடையில் பேசுகிறார்கள். எட்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். அன்றைக்கு நடந்தது நடந்துவிட்டது. இனியாவது பழையபடி இருக்கலாமே.

பதில் வரும் என்ற நம்பிக்கையில்,
உன் கொக்கு


ஜனவரி 25

கேப்டனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோள் சீக்கிரம் குணமாகட்டும்.

அம்மா சௌக்கியம். கணவர் சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மகளுக்கு ஒன்பது வயது. உட்காரச் சொன்னால் உட்காருவாள். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். முதல் மாடியில் கண்ணாடி அறை, ஒரு மைக், எதிரே நாலு திரை. மைக்கை இயக்க மேஜைக்கு அடியில் ஒரு மிதி இருக்கிறது. எல்லோரும் அதை வலது காலால் அழுத்துவார்கள். நான் இடது காலால் அழுத்துகிறேன். காரணம் உனக்குத் தெரியும்.

நடந்தது நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அது தானாக நடக்கவில்லை. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

அரையிறுதி அன்று காலை பத்து மணி. விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைக் காட்டினேன். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "கொக்கு, என்னால முடியாது. கோச் நான் சொன்னா கேக்க மாட்டார். கேப்டன் நீ சொல்லு," என்றேன். "பார்த்துக்கறேன்" என்றாய். நீ சொல்லவில்லை. ஊசி போட்டு இறக்கினார்கள். இருபத்திரண்டாவது நிமிஷம் ஜவ்வு கிழிந்தது.

அதைக்கூட விடு. ஆட்டத்தில் அடிபடாதவள் யார்? பிறகு விளையாட்டுச் சங்கத்தில் விசாரணை வந்தபோது, "அவள் காயத்தை எங்களிடமிருந்து மறைத்தாள்" என்று ஒரு தாள். அடியில் உன் கையெழுத்து. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரமே கிளப் என்னை வெளியே அனுப்பியது. காலுக்காக அனுப்பியிருந்தால் காலைத் திட்டிவிட்டு இருந்திருப்பேன். பொய் சொன்னவள் என்று அனுப்பினார்கள்.

மேடைக்கு நான் வருவதாக இல்லை.

முன்னாள் சுண்டெலி


பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டெலி,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான் நல்லவளாக வந்துவிட்டேன். அதனால்தான் கிழித்தேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கேப்டனாகி ஆறு வாரம், கோச்சைக் கண்டால் பயம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உனக்கும் அன்று இருபத்தைந்துதான்.

கோச்சின் அறைக் கதவு வரை போனேன். உள்ளே அவர் பலகையில் உன் எண்ணை வலது ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், எல்லாரும் ரெடி," என்றேன். இவ்வளவுதான். இதைப் பதினோரு வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தாளை கிளப் மேனேஜர் தட்டச்சு செய்தே கொண்டுவந்தார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது," என்றார். எல்லாருக்கும் என்றால் உன்னைத் தவிர எல்லாருக்கும் என்று புரிந்துதான் போட்டேன். புரியாமல் போட்டதாகச் சொன்னால் அது இரண்டாவது பொய். அன்று அறைக்கு வந்து, உன் காலியான கட்டிலைத் திரும்பிப் பார்க்காமல், பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்கு மாறினேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் வராததற்கும் அதே காரணம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மேனேஜர்தான் இன்று கிளப்பின் தலைவர். போன வாரம் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். இந்த வார்டில் மட்டும் எங்கள் ரசிகர் மன்றத்தில் எண்ணூறு குடும்பம். அத்தனை பேரும் எனக்காக இறங்குவார்கள், இப்போது ஆடுகிற பெண்கள் வீடு வீடாக வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் அன்று முழுக்க என்னை "கவுன்சிலரம்மா" என்றே கூப்பிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. இவ்வளவு பெரியதற்கு அந்தச் சொல் சின்னதாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். மேடையில் எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா? சொல்கிறேன்.

கொக்கு


பிப்ரவரி 10

கொக்குக்கு,

பெனால்டி அடிக்க எதிராளி ஓடி வரும்போது எந்தப் பக்கம் பாய்வது என்று எங்களில் யாரையாவது கேட்டாயா? இப்போது மட்டும் என்னைக் கேட்கிறாய்.

மேடையில் சொல்லாதே. நிஜமாகத்தான் சொல்கிறேன், வேண்டாம். நீ அழுவாய். ஜனங்கள் கைதட்டுவார்கள். "என்ன பெரிய மனசு!" என்பார்கள். என் முழங்கால் உனக்கு ஓட்டு வாங்கிக் கொடுக்கும். அந்தக் காலை வைத்து ஒரு தடவை நீங்கள் ஆடியது போதும்.

நாலு வருஷம் முன்னால் மகளின் பள்ளியில் பெண்களுக்குக் கால்பந்து சொல்லித்தர ஆள் தேடினார்கள். சனிக்கிழமை மட்டும். ஆசையாகப் போனேன். தலைமையாசிரியை நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சங்கத்தில் விசாரித்திருக்கிறார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க காயத்தை மறைச்சவங்கன்னு ரெக்கார்டுல இருக்கே. சின்னப் பிள்ளைங்க... அடிபட்டா மறைக்காம சொல்லணும்னு நாங்க சொல்லிக்குடுக்கறோம்," என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எழுந்து வந்துவிட்டேன். வெளியே நின்ற மகள், "ஏம்மா, வேலை இல்லையா?" என்றாள். "நேரம் ஒத்துவரலை," என்றேன். நிஜமாகவே நான் பொய் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தத் தாள் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. அது பொய் என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டிய இடமும் அதுதான். ஊருக்குச் சொல்லாதே, உன் வீட்டுக்காரருக்குச் சொல்லாதே, எனக்கும் சொல்ல வேண்டாம். அங்கே சொல்.

செய்தால் உன் மேனேஜர் சும்மா இருக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். தேர்தல் முடிந்தபின் செய்துகொள்கிறேன் என்றாலும் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பதினோரு வருஷம் போனது, இன்னும் ஒன்றரை மாதம் போனால் என்ன?

அம்மா உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள். இந்த வரி அவளுடையது, என்னுடையது அல்ல.

சுண்டெலி


பிப்ரவரி 13 (அஞ்சலட்டை)

சுண்டெலி,
நாளை காலை முதல் பஸ்ஸில் சங்கத்துக்குப் போகிறேன். முடிந்ததும் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம். ஒத்தடம் கொடுக்கிறேன்.
கொக்கு


மார்ச் 2

அன்புள்ள சுண்டெலி,

எழுதிக் கொடுத்துவிட்டேன். உடனே உனக்கு எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு வாரமாக இங்கே அடைமழை மாதிரி ஒன்று மாற்றி ஒன்று.

சங்கம் மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு வயதான குமாஸ்தா, கண்ணாடி நெற்றியில் இருக்க, கண்ணாடியை மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "புகாருக்கு ஃபாரம் இருக்கு. அப்பீலுக்கு ஃபாரம் இருக்கு. நான் சொன்னது பொய்னு சொல்றதுக்கு ஃபாரம் இல்லையே மேடம்! இதுவரை யாரும் கேட்டதில்லை," என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அவர் மேஜை ஓரத்திலேயே நின்று எழுதினேன். அதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்:

"அரையிறுதி நாளன்று காலை பத்து மணிக்கு அவர் தன் முழங்கால் வீக்கத்தை என்னிடம் காட்டினார். ஆட முடியாது என்று கோச்சிடம் சொல்லும்படி கேப்டனான என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான். என் முந்தைய வாக்குமூலம் பொய்."

குமாஸ்தா பழைய கோப்பை எடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து மாறவே இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலமே மேனேஜர் போன் செய்தார். குரலில் தேன்.

"என்னம்மா இது, எலெக்‌ஷன் நேரத்துல? அந்தப் பொண்ணு ஏதாவது கேட்டுத் தொந்தரவு பண்றாளா? நான் பேசறேன்."

"அவ ஒண்ணும் கேக்கல சார். நான்தான் கடன்பட்டவ."

"அந்தத் தாளைத் திரும்ப வாங்கிடு. நாளைக்குள்ள. இல்லேன்னா மன்றத்து ஆளுங்க ஒருத்தரும் உனக்காக வெளிய வர மாட்டாங்க."

"சரிங்க சார்."

"சரின்னா? வாங்கிடுவியா?"

"இல்ல சார். அவங்க வர வேண்டாம்."

போனை வைத்துவிட்டேன். சுண்டெலி, அவரிடம் நான் "இல்லை" என்று சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்னச் சொல்லாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் வந்துவிட்டது. நான் கொடுக்கவில்லை, நம்பு. அடுத்த நாள் கவுன்சிலரின் ஆட்கள் தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள்: "பொய்க் கையெழுத்துக்காரிக்கா உங்கள் ஓட்டு?" என் போஸ்டரில் வெட்டுப்பட்ட கழுத்து அவர்கள் நோட்டீஸில் முழுசாக வந்திருக்கிறது. அவர்கள் அச்சகம் நல்ல அச்சகம். என்னோடு சுற்றிய இருபத்தாறு பேரில் மிஞ்சியது ஒன்பது பேர். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும், டிப்போவிலிருந்து வந்து கையில் கிரீஸோடு அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, "எந்த வண்டியிலும் எங்கயாவது ஒழுகும். எங்க ஒழுகுதுன்னு டிரைவரே சொல்லிட்டா, வண்டியைச் சரி பண்ணிடலாம். வா, சாப்பிடலாம்," என்றார்.

நேற்று தண்ணீர்த் தொட்டி முனையில் தெருக்கூட்டம். முப்பது பேர் இருக்கும். நான் மருத்துவமனையைப் பற்றி ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, "அதெல்லாம் இருக்கட்டும். பொய்க் கையெழுத்து போட்டது நிஜமா?" என்றாள்.

"நிஜம்."

"யாருக்கு எதிரா?"

"என் கூட ஆடினவங்களுக்கு. அவங்க கதையை அவங்கதான் சொல்லணும். என் பங்கு இதுதான், நான் பொய் சொன்னேன்."

"அப்ப உங்களை எப்படி நம்பி ஓட்டுப் போடறது?"

"நம்பணும்னு நான் கேக்கலீங்க," என்றேன். "செவ்வாயும் வெள்ளியும் காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசைல இருப்பேன். டாக்டர் வந்தாரா, எத்தனை பேரைப் பார்த்தாரு, எத்தனை பேர் திரும்பிப் போனாங்கன்னு நோட்ல எழுதறேன். ஜெயிச்சாலும் எழுதுவேன், தோத்தாலும் எழுதுவேன். வந்து பாருங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

அவள் சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. ஆனால் கூட்டம் கலையாமல் நின்று கேட்டது. ஆட்டத்தில் இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான பேர் என்னைப் பார்த்தார்கள். கேட்டது இந்த முப்பது பேர்தான் என்று தோன்றியது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் வரிசைக்குப் போனேன். அந்தப் பெண் குழந்தையோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். "நோட்டு எங்க?" என்றாள்.

உன்னிடம் ஒன்றும் எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

கொக்கு


மார்ச் 9

அன்புள்ள கொக்கு,

சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. எண் போட்டு, தேதி போட்டு, "தங்கள் பெயரில் இருந்த குறிப்பு நீக்கப்பட்டது" என்று இரண்டே வரி. நிலையத்து விலாசத்துக்கே வந்துவிட்டதால் கண்ணாடி அறையில் வைத்துத்தான் பிரித்தேன். பிரித்துவிட்டு, இரண்டாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டியை ஐந்தாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டேன். பெட்டி படுக்கையோடு நாற்பது பேர் பாலம் ஏறி ஓடினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மேலே வந்து, "பன்னெண்டு வருஷத்துல இதுதான் முதல் தப்பு" என்றார். நான் சேர்ந்தே பத்து வருஷம்தான் ஆகிறது. கோபத்தில் அவருக்குக் கணக்கு வராது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். "இல்ல சார், சரியாயிடுச்சு," என்றேன்.

செய்தித்தாள்காரர் இங்கேயும் போன் செய்தார். "வண்டி வர்ற நேரம் தவிர வேற தகவல் எதுவும் நான் தர்றதில்லீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. அதை நான்தான் சொல்ல வேண்டும். அன்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் பேசாமல் கட்டிலில் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. பூட்ஸ் கயிற்றை நானே கட்டினேன். ஊசி போட வந்தபோது நானே காலை நீட்டினேன். அரையிறுதி என்றால் எனக்கும் ஆசை இருந்தது. நீ கோச்சிடம் சொல்லி என்னை நிறுத்த வேண்டும் என்று பாதி மனசு, நிறுத்திவிடக்கூடாதே என்று பாதி மனசு. யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் போடவில்லை. அந்தத் தாள் உன் தப்பு, முழுக்க உன் தப்பு. ஆனால் கால் நம் இரண்டு பேருடையது. இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்து உன் தலையிலேயே கட்டிவைத்திருந்தேன். பிரித்து எழுதிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது.

பிசியோ அக்கா உன் தெருக்கூட்டத்துப் பேச்சை போனில் பதிவுசெய்து அனுப்பினாள். ஐயோ கொக்கு! தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்துகிற மாதிரியே கத்துகிறாய். மைக் எதற்கு இருக்கிறது? தொழில்காரி சொல்கிறேன், கேட்டுக்கொள். வாயை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. எண்களைச் சொல்லும்போது முன்னும் பின்னும் ஒரு மூச்சு விடு. முக்கியமானதை இரண்டு தடவை சொல், இரண்டாவது தடவை மெதுவாக. அப்புறம் "ஆகவே" என்று ஒன்பது தடவை சொன்னாய். எண்ணினேன். ஒன்றும் வேண்டாம்.

மேடைக்கு நான் வரவில்லை. கோபத்தால் அல்ல, இங்கே மாற்று ஆள் இல்லை. தெம்பாக நில்.

சுண்டெலி


மார்ச் 23

அன்புள்ள சுண்டெலி,

தோற்றுவிட்டேன். ஐம்பத்தெட்டு ஓட்டு வித்தியாசம். (முன்னும் பின்னும் ஒரு மூச்சு விட்டேன்.) ஐம்பத்தெட்டு.

பள்ளிக்கூட ஹாலில் எண்ணினார்கள். ஆறாவது சுற்று வரை நான் முன்னால். ஏழாவதில் ரசிகர் மன்றத்துத் தெருக்கள் வந்தன. அங்கே நின்றுகொண்டே பார்த்தேன், என் ஓட்டுக் கட்டு வளரவே இல்லை. கவுன்சிலர் கை கொடுத்தார். அவர் உள்ளங்கை முழுக்க வியர்வை, பாவம், என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார். வெளியே வந்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வீடு வரும்வரை அழுதேன். அவர் வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவு தட்டுகிறது. தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும். தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையாம். "ஜெயிச்சவர்கிட்டல்ல போகணும்?" என்றேன். "அவர் வீட்டு கேட்டு பூட்டியிருக்கும்மா. உங்க வீட்டுல கேட்டே இல்லையே," என்றாள். மாமியார் உள்ளேயிருந்து, "வந்தவங்களுக்குக் காபி போடறேன், உக்காரச் சொல்லு," என்றாள். ஆக, அவள் மன்னித்துவிட்டாள். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நகரசபைக்கு எட்டாவது தடவையாகப் போனேன். அதிகாரி இந்தத் தடவை ஆட்டோகிராப் கேட்கவில்லை. நாற்காலி போட்டார், போனை எடுத்தார். மதியம் தண்ணீர் வந்துவிட்டது.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்னால், பயத்தில், கவுன்சிலர் மருத்துவமனைக்கு வாரம் நாலு நாள் டாக்டர் என்று உத்தரவு வாங்கிவிட்டார். தேர்தல் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்திருப்பார். நோட்டு என்னிடம் இருக்கிறதே! கைக்குழந்தைக்காரி இப்போது திங்களும் புதனும் எழுதுகிறாள், நான் செவ்வாயும் வெள்ளியும். இன்று எழுபத்தொரு பேர் வந்தார்கள், எழுபத்தொரு பேரையும் டாக்டர் பார்த்தார்.

நாலு வருஷம் கழித்து மறுபடி நிற்பேன். எனக்கு அப்போது நாற்பது. இந்த ஆட்டத்துக்குத் தோளும் வேண்டாம், முழங்காலும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? அந்தத் தாளை நான் எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் உண்மைதான். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். வருத்தம் வருகிறதா என்று தேடினேன், அகப்படவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அன்புடன்,
கொக்கு


ஏப்ரல் 8

என் கொக்குக்கு,

தோற்றாயே தவிர, பேச்சில் "ஆகவே" ஒன்றுகூட இல்லையாம். பிசியோ அக்கா சொன்னாள். அதுவரைக்கும் லாபம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஸ்கூட்டர் இடம் வந்ததும் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தப் பையன் நல்ல பையன்," என்றாள். உன் வீட்டுக்காரரைத்தான். நாற்பது வயது மெக்கானிக் அவளுக்குப் பையன்.

சங்கத்துத் தாளை எடுத்துக்கொண்டு மகளின் பள்ளிக்குப் போனேன். அதே அறை, அதே தலைமையாசிரியை. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு நான் விசாரிச்சதுக்குப் பதிலா உங்களையே கேட்டிருக்கணும்," என்றார். பிறகு அவர் மணியடித்து ஆளைக் கூப்பிட்டு, விளையாட்டு அறைச் சாவியை வாங்கி என் கையில் வைத்தார்.

மூன்று சனிக்கிழமை முடிந்துவிட்டது. பதினாலு பெண்கள், பத்திலிருந்து பதிமூன்று வயது. முதல் நாளே ஒரு விதி போட்டிருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் வட்டமாக உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி என்னிடம் வந்து சொல்லக்கூடாது, அவளேதான் சொல்ல வேண்டும். நேற்று ஒருத்தி, "எனக்கு ஒண்ணும் வலிக்கல, பசிக்குது," என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

நான் ஓடுவதில்லை. ஓரமாக நின்று கத்துகிறேன். என் குரலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்மேன்கூட நான் சொன்ன இடத்துக்கு ஓடுகிறார்.

ஒரே ஒரு தலைவலி. பதினாலு பேரில் ஒருத்திகூட கோல்கீப்பராக நிற்க மாட்டேன் என்கிறாள். பந்து முகத்தில் அடிக்குமாம். நான் சொல்லிப் பார்த்தேன். நான் பந்துக்குப் பின்னால் ஓடுகிற ஜாதி, நிற்கிறதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நேற்று சாப்பிடும்போது மகள், "உன் ஃப்ரெண்டு கொக்கு ஆன்ட்டி கோல்கீப்பர்தானே?" என்றாள். இந்த மூன்று மாதமாக உன் கடிதம் வந்த நாளெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், கழுதை.

"ஆமா," என்றேன்.

"அவங்க எலெக்‌ஷன்ல தோத்துட்டாங்களா?"

"தோத்துட்டாங்க."

"அப்ப சனிக்கிழமை சும்மாதானே இருப்பாங்க? வரச் சொல்லும்மா."

சொல்லிவிட்டேன்.

சுண்டெலி